ஆடிச்சுற்று வாரத்தில் ஓர் அறுநூறு மீட்டர் ஓட்டம்

அடுத்த மாதம் முதல் பள்ளி பள்ளியாகப் போய் உடற்கல்விப் பாடத்திட்டத்தின் தரத்தை மதிப்பிடப் போகிறீர்கள். படிவத்தை எப்படி நிரப்புவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. அதில் பாதிப் பக்கங்கள் நான் எழுதியவை என்பதால் அதைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது. நான் சொல்ல வந்தது ஒரு தவறைப் பற்றி. நாள் குறித்ததில் நான் செய்த தவறு.

என்னோடு பழகியவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். கல்லூரிக் காலத்திலிருந்து ஒருநாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். சங்கரன்கோவிலில் எந்தக் கிழமை மழை பெய்தது, எந்தப் பள்ளியின் சுற்றுச்சுவர் எந்த மாதம் இடிந்தது என்று கேட்டால் எழுந்து போய் நோட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவேன். மதிப்பீடு பற்றிக் கைக்குக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தவன். தேதி விஷயத்தில் நான் தவற மாட்டேன் என்று அலுவலகத்தில் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஆடி மாதம். பள்ளியின் பெயர் வேண்டாம். சங்கரன்கோவிலில் கரிவலம்வந்தநல்லூர் பேருந்தில் ஏறினால், கண்டக்டர் எல்லாருக்கும் டிக்கெட் கிழித்து முடிப்பதற்குள் அந்தப் பள்ளி வந்துவிடும். அங்கே ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று உடற்கல்விப் பாடவேளைகள். அவற்றை எடுத்தவர் முத்துச்செல்வி டீச்சர். குருவிகுளம் பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிற பகுதிநேர ஆசிரியை. வெயிலில் நின்று கறுத்த முகம், கழுத்தில் கயிறு கட்டிய விசில், எதைக் கேட்டாலும் ஒரு வரியில் பதில்.

தலைமையாசிரியர் கணக்கு ஆசிரியர். நாங்கள் போவதற்கு இரண்டு வாரம் முன்பே என்னைப் பார்க்க வந்து, மனதில் இருப்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"சார், நான் ஒண்ணும் விளையாட்டுக்கு எதிரி இல்ல. ஆனா பத்தாங்கிளாஸ்ல கணக்குல ஃபெயிலாப் போயி, ஒரு பிள்ள வீட்டோட நின்னுட்டுன்னா, பொறவு அது ஓடுனா என்ன, தாண்டுனா என்ன? உங்க ரிப்போர்ட் நல்லாருக்குன்னா மூணு பீரியடும் இருந்துட்டுப் போகட்டும். மோசம்னா ரெண்ட நான் கணக்குக்கு எடுத்துக்கிடுதேன். ஒளிவு மறைவே இல்ல."

"ரெண்டு போனா மிச்சம் ஒண்ணுதான சார். ஒத்தப் பீரியடுக்கு பி.டி. டீச்சர் எதுக்குன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க. வேற பள்ளிக்கூடத்துக்குப் போடுவாங்க. அதுக்கு நான் என்ன செய்ய?"

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கில் தோற்றுப் படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பெயர்களை விரல் விட்டுச் சொல்லக்கூடிய மனிதர். அவருடைய கவலை அவருக்கு. ஆக, முத்துச்செல்வி டீச்சர் அந்தப் பிள்ளைகளோடு இருப்பாரா, வேறு ஊருக்குப் போவாரா என்பது எங்கள் அறிக்கையில் இருந்தது. பள்ளியில் இது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, பிள்ளைகள் உட்பட.

நான் நாள் குறித்தேன். அந்த ஆண்டு எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சனிக்கிழமை கொடி ஏறியது. தபசு அடுத்து வந்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய். உள்ளூர் விடுமுறை. வெளியூர்க்காரன் என்றால் விடுமுறையன்று போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்து நிற்பான். நான் ஊர்க்காரன். தபசையும் விட்டு, தேரையும் விட்டு, கொடியேறி ஐந்தாம் நாள் புதன்கிழமையைக் குறித்தேன். கூட்டம் சேர்வதற்கு முன்பே வேலை முடிந்துவிடும் என்று எனக்கு ஒரே பெருமை.

என்னோடு வந்தவன் சலீம், கடையநல்லூர்க்காரன். என்னைவிட இருபது வயது இளையவன், ஸ்டாப் வாட்ச் பிடித்தால் கை நடுங்காது. காலை முழுக்கப் படிவத்தின் முதல் பகுதிகள் ஓடின. பாடங்கள் உரிய நேரத்தில் நடந்திருக்கின்றனவா, கருவிகள் உண்டா, மைதானம் பத்திரமானதா. இவை சுமாராகப் போயின. பிறகு ஒரு கேள்வி: மாணவியர் தம் உடலின் நிலையைத் தாமே கணித்துக்கொள்ளப் பழகியிருக்கிறார்களா?

"பழகிருக்காங்க சார்" என்றார் டீச்சர். "நாடி பாப்பாங்க."

"ரெக்கார்ட் இருக்கா?"

"தனி ரெக்கார்ட் இல்ல சார். அவங்கவங்க ரஃப் நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதிக்கிடுவாங்க. பை எல்லாம் மாடில, கிளாஸ்ல கெடக்கு. எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?"

மணியைப் பார்த்தேன். ஓட்டத்துக்கு நேரமாகிவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. 'பதிவேடு இல்லை' என்று எழுதிவிட்டு எழுந்தேன். ஒரு மாடிப்படி ஏறச் சோம்பல்பட்டு எழுதிய இரண்டு சொற்கள்.

சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானத்தில் மூன்று சுற்று. அறுநூறு மீட்டர். பிள்ளைகளில் உயரமானவள் இசக்கி. அவள்தான் முன்னால் வருவாள் என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். முதல் சுற்றிலும் அப்படித்தான் வந்தாள். இரண்டாம் சுற்றின் பாதியில் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தாள். பிறகு நடந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருத்தியாக நடக்கத் தொடங்கினார்கள். பாத்திமா என்ற குள்ளமான பிள்ளை கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள், பாவாடையெல்லாம் சுண்ணாம்பு. பாதிக்கு மேல் பேர் ஓட்டத்தை முடிக்கவில்லை.

சலீம் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"அண்ணாச்சி, என்னமோ சரியில்ல. ஓடத் தெரியாத பிள்ளைக மாதிரி இல்ல. ஓட முடியாத பிள்ளைக மாதிரி இருக்கு."

"ஃபாரத்துல ரெண்டும் ஒண்ணுதான் தம்பி."

இப்படி நான் சொன்னேன். அன்றைய நாட்குறிப்பில் இதையும் எழுதி வைத்திருக்கிறேன், பின்னாளில் மறந்துபோய் என்னை நல்லவனாக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் முட்டிபோட்டு உட்கார்ந்து கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் ஏதாவது உண்டா என்று கேட்க வேண்டியது விதி. கேட்டேன்.

"தெரியல சார். போன வாரம் எல்லாரும் ஓடுனாளுக. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்கன்னுகூடச் சொல்லிருந்தேன்." எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "நீங்க பாத்தத எழுதிக்கோங்க சார். நான் ஒண்ணும் சொல்லதுக்கு இல்ல."

பிள்ளைகள் எல்லாரும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாங்குதிறன் மிகக் குறைவு என்று எழுதினேன். தலைமையாசிரியர் டீ கொடுத்தார். வெற்றி பெற்றவர் முகம் இல்லை அவருக்கு. "பாவம், நல்ல டீச்சர்தான்" என்றார். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால், என் மனைவி வெந்நீர் வாளியில் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன ஆச்சு?" என்று கேட்டேன். ஆண்டுதோறும் கேட்கிற கேள்வி.

"முன்னூத்திச் சொச்சம். தபசுக்குள்ள ஐநூத்தியொண்ணு முடிக்கணும்லா."

வெளியூரிலிருந்து வந்து எங்கள் பக்கம் வேலை பார்க்கப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடித்தபசுக்குக் கொடி ஏறியதும் இங்கே ஜனங்கள் கோயிலைச் சுற்றத் தொடங்கிவிடுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். ஏதாவது ஒன்றை வேண்டிக்கொண்டு நூற்றெட்டு, ஐநூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று அவரவர் தெம்புக்குத் தக்கபடி சுற்றுவார்கள். ஒரே நாளில் முடியாது. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று நாள்கணக்கில் நடப்பார்கள். அந்த வாரம் ஊரில் பாதிப் பேர் காலைச் சாய்த்துத்தான் நடப்பார்கள். இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். நான்கு நாட்களாக என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி நொண்டிக்கொண்டிருந்தாள். ஆனால் என் காலண்டரில் ஆடித்தபசு என்பது சிவப்பு மையில் குறித்த ஒற்றை விடுமுறை நாள்.

அவளே பேச்சைத் தொடர்ந்தாள். "இந்த வருசம் ஒரு கூட்டம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வருதுங்க. யூனிஃபார்மோட. பத்து சுத்துக்கு ஒருக்க நின்னு, கழுத்துல ரெண்டு விரல வச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு நிக்குதுக. என்ன சாமி கும்புடுதோ! அதுக்கு நடுவுல ஒருத்தி ஸ்டார்ட்டு, ஸ்டாப்புன்னு சொல்லிக்கிட்டு."

கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்தேன். "என்ன கலரு யூனிஃபார்ம்?"

சொன்னாள். அன்று காலை மைதானத்தில் நான் பார்த்த நிறம்.

மறுநாள் வியாழன், விடிகிற நேரத்துக்கு அவளோடு கோயிலுக்குப் போனேன். பிராகாரத்தில் கல் இன்னும் ஈரமாக இருந்தது. எண்ணிக்கை தவறாமல் இருக்கப் புளியங்கொட்டைகளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு பெண்கள் வேகமாகப் போனார்கள். அந்த நடைக்கு நடுவில், எட்டுப் பிள்ளைகள் ஒரு வரிசையாக வந்தார்கள். ஆகக் குறைந்த வேகத்தில் நடக்கிற பிள்ளை முன்னால். இசக்கி கடைசியில். முன்னால் போகிறவளின் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். யாரும் அவளைத் தாண்டவில்லை.

ஒரு மூலையில் ஒதுங்கி நின்றார்கள். எல்லாரும் கழுத்தில் விரல் வைத்தார்கள். இசக்கி மணிக்கட்டைப் பார்த்தபடி, "ஸ்டார்ட்..." என்றாள். பதினைந்து நொடி. "ஸ்டாப். சொல்லுங்கட்டி."

"இருபத்தொம்பது."

"நாலால பெருக்கு."

"நூத்திப் பதினாறு."

"நீ?"

"முப்பத்தஞ்சு. நூத்தி... நூத்தி நாப்பது."

"நீ உக்காரு. கொறையட்டும். நாங்க நிக்கோம்."

ஒருத்தி ரஃப் நோட்டைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். எழுதி நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, நேத்து வந்த சாரு!"

ஓடப் பார்த்தார்கள். கால் வரவில்லை. என் மனைவி முன்னால் போய், "என்ன மக்கா பயப்படுதிய? இவரு என் வீட்டுக்காரருதான். கடிக்க மாட்டாரு" என்றாள். அதற்குப் பிறகுதான் பேச்சு வந்தது.

"எப்பலேர்ந்து சுத்துதீங்க?" என்று கேட்டேன்.

"கொடியேத்தத்துல இருந்து சார்" என்றாள் இசக்கி. "டீச்சர வேற ஊருக்கு மாத்திருவாகளாம்லா. அதான் இன்ஸ்பெக்சன் நல்லா நடக்கணும்னு எங்க கிளாஸ்ல ஆளுக்கு நூத்தியெட்டு நேந்துக்கிட்டோம்."

முந்தைய நாள் டீச்சர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. "டீச்சர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்கல்லா?"

பிள்ளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "ரெஸ்ட்டு ஓட்டத்துக்குத்தான சார் சொன்னாங்க? இது நடைதான?"

"அந்தப் பாத்திமாப் பிள்ளைக்கு என்ன? அவளும் உக்காந்துட்டாளே."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"அவ கோயிலுக்கு வர மாட்டால்லா சார். நீங்க மட்டும் சுத்துவீங்களோ, டீச்சர் எனக்கும்தான டீச்சருன்னு சொல்லி, பள்ளிக்கூடத்துக் கிரவுண்ட நூத்தியெட்டு சுத்திட்டா. நாங்களாவது நடந்தோம். அவ ஓடிருக்கா, கிறுக்கி!"

"சரி, நேத்துதான் எல்லாம் முடிஞ்சு போச்சே. இன்னைக்கு எதுக்குச் சுத்துதீங்க?"

இசக்கி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பது போல. "நேத்து அப்படி ஆயிட்டுல்லா சார். அதான் இன்னொரு நூத்தியெட்டு."

நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி என்னைக் கையமர்த்தினாள். "சாமிக்கு நேந்தத நிறுத்தச் சொல்ல நீங்க யாரு?" என்றாள். பிறகு அவர்களிடம், "மக்கா, தபசுக்கு இன்னும் நாள் கெடக்கு. ஒரு நாளைக்குப் பத்து சுத்து, அதுக்கு மேல வேண்டாம். மிச்சத்த அடுத்த வருசம் சேத்துச் சுத்திக்கிடலாம். ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றாள். பிள்ளைகள் அதை ஒப்புக்கொண்டார்கள். என்னிடம் ஒரே ஒரு வாக்கு மட்டும் கேட்டார்கள்: டீச்சரிடம் சொல்லக் கூடாது.

இனிமேல்தான் உங்களுக்கு நான் சொல்ல வந்த இடம். தெரியாதவரை எனக்குச் சிக்கல் இல்லை. தெரிந்துவிட்டது. முந்தைய நாள் நான் எழுதிய எண் பொய் இல்லை. ஸ்டாப் வாட்ச் சரி, தூரம் சரி, கையெழுத்து சரி. ஆனால் நான் அளந்தது பாடத்திட்டத்தை அல்ல, ஆடி மாதத்து ஒரு புதன்கிழமையை. அந்தப் பாடத்திட்டம் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள, நான் ஈரக் கல்லில் போய் நிற்க வேண்டியிருந்தது.

ஒன்பது மணிக்கு சலீமைப் பேருந்து நிலையத்து டீக்கடையில் பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ்ளோதான அண்ணாச்சி, இன்னொரு நாள் ஓட விட்டுருவோம்" என்றான். டீயை ஒரு வாய் குடித்தான். உடனே டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"இல்ல, நில்லுங்க. திங்கக்கிழம ஒரு பள்ளிக்கூடம், செவ்வாக்கிழம ஒண்ணு, ரெண்டும் ஊருக்குள்ளதான பாத்தோம்? அங்கனயும் பிள்ளைக சுத்திருக்கும்லா. இந்தப் பிள்ளைகள நீங்க நேர்ல பாத்துட்டீங்க, மனசு எளகிட்டு. அந்தப் பிள்ளைகளுக்கு யாரு பேசுவா?"

அவன் சொன்னது சரி. ஒரு பள்ளிக்கு மட்டும் திரும்பப் போனால் அதற்குப் பெயர் இரக்கம், மதிப்பீடு அல்ல. மூன்று பள்ளிகளின் ஓட்டத்தையும் ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்தால் காரணம் எழுத வேண்டும்.

காரணக் கட்டத்தில் 'மழையால் மைதானம் ஈரம்' என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கும் மானம் போகாது. பேனாவை எடுத்து 'மழை' வரைக்கும் எழுதிவிட்டேன். அந்த வாரம் முழுக்க என் நாட்குறிப்பில் 'வெயில்', 'வெயில்', 'வெயில், மேல்காற்று' என்று இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். நீங்களும் ஒருநாள் இப்படி 'மழை' வரைக்கும் எழுதுவீர்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

தென்காசியில் இருந்த மேலதிகாரிக்கு போன் செய்தேன். அவரிடம்தான் நான் இந்த வேலையின் பாதியைக் கற்றேன். பெயர் சொன்னால் கோபப்படுவார்.

"வே, நீரு சங்கரன்கோவில்காரருதான?" என்றார்.

"ஆமா சார்."

"ஆடிச்சுத்து எந்த மாசம் வரும்?"

"ஆடி மாசம் சார்."

"அது தெரிஞ்சும் அந்த வாரத்துல போயி பிள்ளைகள ஓடச் சொல்லிருக்கீரு. வெளியூர்க்காரன் செஞ்சா ஏசலாம். உம்ம என்ன செய்ய?"

அந்தப் பக்கம் அவர் சிரிப்பதுபோல் கேட்டது. பிறகு குரல் மாறியது.

"லெட்டர்ல உம்ம தப்புன்னே எழுதிரும். பள்ளிக்கூடத்து மேல எழுதாதேயும். சாமி மேலயும் எழுதாதேயும். நாள் குறிச்சது நான், அது தப்புன்னு ரெண்டு வரி. ரிப்போர்ட் போற தேதி மாறாது கேட்டீரா. அதுக்குள்ள மூணு பள்ளிக்கூடமும் திரும்பப் பாத்தா உண்டு. இல்லேன்னா பழைய நம்பர்தான் போகும்."

எழுதினேன். முப்பது ஆண்டுப் பணியில் என் தவறு என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் அது ஒன்றுதான். ஒன்றுதான் எழுதியிருக்கிறேன் என்பதால் ஒரு தவறுதான் செய்தேன் என்று எண்ணிவிட வேண்டாம்.

தபசு முடிந்தது. ஒரு வாரம் கால்கள் ஆற விட்டோம். ஊருக்குள் இருந்த இரண்டு பள்ளிகளையும் முடித்துவிட்டு, அதற்கு அடுத்த புதன்கிழமை மறுபடியும் அந்தப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"மறுபடியுமா? மார்க்கு பத்தலன்னு பரீட்சைய திரும்ப வைக்கக் கூடாதுல்லா சார்? நாங்க வைக்கோமா?"

கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "கேள்வித்தாள்தான் தப்புன்னு சொல்லுதீங்க" என்றார்.

"ஆமா சார். கேள்வித்தாள் போட்டவன் தப்பு."

"அப்ப வைக்கலாம்" என்று எழுந்து அவரே மைதானத்துக்கு வந்தார்.

பிள்ளைகள் ஓடினார்கள். அதிசயம் எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இசக்கி நல்ல நேரத்தில் வந்தாள். பாத்திமா ஓடி முடித்தவர்களில் கடைசியாக வந்து, நிற்காமல் வந்ததற்காகத் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டாள். இரண்டு பேர் நடந்து முடித்தார்கள். மற்றவர்கள் நடுத்தரம். சலீம் கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். மோசம் என்ற வரிசையிலிருந்து நடுத்தரத்துக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். நல்லாருக்குன்னா மூணு பீரியடும் இருக்கட்டும் என்று சொன்ன மனிதர் பக்கத்தில் நிற்கிறார். நடுத்தரத்துக்கு என்ன செய்வார் என்று அவர் சொல்லியிருக்கவில்லை.

டீச்சரும் அந்த எண்ணைப் பார்த்தார். மைதான ஓரத்தில் வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் திருத்த வேண்டியிருந்தது, அந்த 'பதிவேடு இல்லை'. இந்தமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானே மாடியேறினேன். வகுப்பில் இருந்த பைகளைத் திறக்கச் சொல்லி, ரஃப் நோட்டுகளை வாங்கிக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். தேதி, ஓடுவதற்கு முன் நாடி, ஓடியபின் நாடி, எத்தனை நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. சிலர் வரைபடமே போட்டிருந்தார்கள். இருப்பதில் தெளிவாக இருந்தது இசக்கியின் நோட்டு. அவள் அதைக் கொடுக்கும்போது கொஞ்சம் தயங்கினாள். நான் எண்களைப் பார்த்த ஆசையில் அந்தத் தயக்கத்தைக் கவனிக்கவில்லை. பக்கத்தின் உச்சியில் இருந்த வரியையும் படிக்கவில்லை. பிள்ளைகள் பின்னால் வர, கீழே மைதானத்துக்குக் கொண்டுபோய்த் தலைமையாசிரியர் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் முதலில் சும்மா பார்த்தார். பிறகு நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"பதினஞ்சு செகண்டு எண்ணி நாலால பெருக்கிருக்காளுக. கீழ சுத்து, மேல நாடி." விரலைக் கோட்டின் மேலேயே ஓட்டினார். "இது யாரு நோட்டு?"

"என்னுது சார்" என்றாள் இசக்கி.

"நீ பரீட்சைல கிராஃப் கேள்விய அப்படியே வெள்ளையா விட்டுட்டு வருவியேட்டி!"

இசக்கி காலால் மண்ணைக் கீறினாள்.

"இங்கன ஏன் கோடு விருட்டுன்னு ஏறுது?"

"அது இருபதாஞ் சுத்து சார். அந்நேரம் கூட்டம் கொறஞ்சிருந்துச்சு. வேகமா நடந்துட்டோம்."

"பொறவு எறங்குதே?"

"பொறவு எங்கள்ல ஒருத்திக்கு மூச்சு வாங்குச்சு சார். அவள முன்னால விட்டுட்டு மெதுவாப் போனோம். அதான் கோடு சாய்வா எறங்குது. நின்னுருந்தோம்னா செங்குத்தா எறங்கிருக்கும்."

தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் நோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கரும்பலகை முன்னால் பல ஆண்டு தொண்டை வறளச் சொல்லியும் போய்ச் சேராத ஒன்று, வேறு எங்கேயோ போய்ச் சேர்ந்திருப்பதைக் கண்ட முகம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், நான் ரெண்டு பீரியட் கேட்டேன். ஒண்ணு போதும். ரெண்டு டீச்சருக்கே இருக்கட்டும்." முத்துச்செல்வி டீச்சரைப் பார்த்து, "ரெண்டு இருந்தா உங்கள எங்கயும் அனுப்ப மாட்டாங்கல்லா?" என்றார்.

"மாட்டாங்க சார்" என்றார் டீச்சர். கையில் இருந்த கூம்புகளைக் கீழே வைத்துவிட்டார். மூச்சு விட்டு நிமிர்ந்தவருக்குப் பிறகுதான் ஏதோ இடறியது. "கூட்டம் கொறஞ்சிருந்துச்சா? நம்ம கிரவுண்டுல ஏதுட்டி கூட்டம்?"

பிள்ளைகள் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி ஒதுங்கினார்கள். அவர் தலைமையாசிரியரிடமிருந்து நோட்டை வாங்கினார். உச்சியில் இருந்த வரியை வாய்க்குள் படித்தார். பக்கத்தில் எட்டிப் பார்த்து நானும் படித்தேன்: 'வேண்டுதல்: முத்துச்செல்வி டீச்சர் இங்கனயே இருக்கணும். ஆளுக்கு 108.' கீழே சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று சுற்றும் நாடியும். புதன்கிழமைக்கு நேரே ஒரே ஒரு சொல், 'தோத்துட்டோம்.' வியாழனிலிருந்து மறுபடியும் சுற்று, நாளைக்குப் பத்து.

டீச்சர் நோட்டை மூடினார். வாயில் ஏச்சுத்தான் வந்தது.

"ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லாட்டி! காலு என்னத்துக்கு ஆகும்? எவளாவது கேட்டியளா? ஒருத்தியாவது ரெஸ்ட் எடுத்தியளா?"

இசக்கி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"எடுத்தோம் டீச்சர். பத்து சுத்துக்கு ஒருக்க."

டீச்சர் விசிலை எடுத்து வாயில் வைத்தார். ஊத முடியவில்லை. சலீம்தான் தன் விசிலை ஊதிப் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பினான்.